கேப் கோஸ்ட் பயணம்: சைவ உணவுக்காரரான 67 வயது தந்தையை அழைத்துச் செல்லலாமா?

மணிமுத்தாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அலுவல் காரணமாக ஆகஸ்ட் நடுவிலிருந்து ஆறு வாரங்கள் கானாவின் தலைநகரான அக்ராவில் தங்கவிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் என் மனைவியும் 67 வயதான என் தந்தையும் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்து என்னுடன் இரண்டு வாரங்கள் இருப்பார்கள். அதில், செப்டம்பர் மாதத்தின் முதல் வியாழக்கிழமை முதல் ஞாயிறு வரை நான்கு நாட்களைக் கேப் கோஸ்ட் நகருக்கு ஒதுக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

தந்தை வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அடிமை வணிகத்தைப் பற்றி முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் என்பதால், அடிமைகளை அடைத்துவைத்த கேப் கோஸ்ட் கோட்டையை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முழங்கால் வலி உண்டு; மெதுவாக நடந்தால் சமாளித்துவிடுவார். சைவ உணவுக்காரர், முட்டைகூடத் தொடமாட்டார்.

அக்ராவிலிருந்து எந்த வண்டியில் போவது, அவருக்கு அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும், கோட்டையைத் தவிர வேறு எங்கெல்லாம் அவரால் போக முடியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே போய்வந்தவர்கள் பதில் சொன்னால் பேருதவியாக இருக்கும். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் பொதுவான பயணக் குறிப்புகள் நிறையப் படித்துவிட்டேன். வயதானவரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை எவையும் அகப்படவில்லை.


மருந்துப்பெட்டி எழுதியது:

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் மற்றவர்கள் விடை சொல்வார்கள். நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். 9 மாதக் குழந்தைக்கு மேல் எல்லோருக்கும் இது பொருந்தும். அதைவிட முக்கியமானது, திரும்பி வரும்போது இந்தியாவிலும் அதே சான்றிதழைக் கேட்பார்கள். இல்லாதவரை விமான நிலையத்திலேயே நிறுத்தி, 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இடம் தருகிறது. குடும்ப மருத்துவரிடம் போட்டுக்கொள்ளும் ஊசி இதற்குச் செல்லாது. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு, கடவுச்சீட்டு எண்ணுடன் முத்திரையிட்ட மஞ்சள் அட்டையைப் பெற வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். ஒருமுறை போட்டுக்கொண்டால் 2016 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும்.

உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் இதில் சிக்கல் இராது. உங்கள் தந்தையின் நிலை வேறு. 60 வயதைக் கடந்தவர்கள் இந்த ஊசியை முதல்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது, அரிதாகவே என்றாலும், கடுமையான பின்விளைவுகள் நேரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். ஆகவே மருத்துவர் அவருடைய பழைய நோய்களையும் தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளையும் முழுவதுமாகக் கேட்டறிந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று: இந்தத் தடுப்பூசி கோழிக்கருவில் வளர்க்கப்படுவது. முட்டை கடுமையாக ஒவ்வாதவர்களுக்கு இதைப் போடக் கூடாது. மையத்தில் 'முட்டை ஒத்துக்கொள்ளுமா?' என்று கேட்கும்போது, நம் வீட்டுச் சைவப் பெரியவர்கள் 'எனக்கு ஒவ்வாமை எதுவும் கிடையாது' என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். வாழ்நாளில் முட்டையே சாப்பிடாதவருக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று எப்படித் தெரியும்? 'சாப்பிட்டதில்லை, ஆகவே தெரியாது' என்று சரியாகச் சொல்லச் சொல்லுங்கள். ஊசி போட்ட பின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கச் செய்யுங்கள். ஊசி வேண்டாம் என்று மருத்துவர் முடிவு செய்தால், விலக்குச் சான்று கொடுப்பார்கள். ஆனால் அது குடியேற்ற மேசைக்கான காகிதமே தவிரக் கொசுக்கடிக்கான மருந்தன்று. அந்த நிலையில் இந்தப் பயணம் தேவைதானா என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

மலேரியாவைப் பொறுத்தவரை அந்தக் கடற்கரை முழுவதும் ஆண்டு முழுவதும் அபாயம் உண்டு. அங்கே பரவலாக இருப்பது மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. அட்டோவாக்குவோன்-புரோகுவானில் மாத்திரையைப் பயணத்துக்கு ஓரிரு நாட்கள் முன்பே தொடங்கித் திரும்பியபின் 7 நாட்கள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பியபின் 4 வாரங்கள். ஊர் வந்து சேர்ந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டாலும், 'நான் ஆப்பிரிக்கா போய்வந்தேன்' என்று முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.


ஓகுவா வாசி எழுதியது:

ஓகுவா என்பது கேப் கோஸ்ட் நகரை அங்குள்ள ஃபான்டி மக்கள் அழைக்கும் பெயர். அங்கே நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் குறித்திருக்கும் நாட்களை மாற்றிவிடுங்கள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை அங்கே ஃபெட்டு அஃபாஹ்யே என்னும் ஊர்த் திருவிழா. பழங்காலத்தில் வந்த கொள்ளைநோய் ஒன்று நீங்கியதற்கு நன்றியாகக் கொண்டாடுவது என்பார்கள். தலைவர்கள் பல்லக்கில் வருவார்கள். அசாஃபோ எனப்படும் ஏழு பழைய படைக்குழுக்கள் தத்தம் நிறத்தில் உடுத்திக்கொண்டு கொடியாட்டி வரும். வெற்று வேட்டுகள் வெடிக்கும். பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாரம் நகரில் அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். முழங்கால் வலியுள்ள ஒருவரை நெருக்கித் தள்ளும் அந்தக் கூட்டத்துக்குள் அழைத்துச் செல்வதை என்னால் பரிந்துரைக்க இயலாது. விழாவில் காளையைப் பலியிடும் சடங்கும் உண்டு. உங்கள் தந்தை அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் தள்ளிப் போனால், அதே நகரம் சோம்பல் முறித்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கும்.

அக்ராவிலிருந்து தூரம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர். தாளில் இது இரண்டரை மணி நேரம். நடப்பில், நகரை விட்டு மேற்கே வெளியேறும்போது வரும் கசோவா என்ற ஊர்தான் உங்கள் பயண நேரத்தைத் தீர்மானிக்கும். அங்கே மேம்பாலம் கட்டிய பிறகும் நெரிசல் ஓயவில்லை. விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் காலை உணவுக்கு ஓகுவாவில் இருக்கலாம். எட்டு மணிக்குப் புறப்பட்டால் கசோவாவில் வாழைக்காய் வறுவல் விற்பவர்களின் முகங்கள் எல்லாம் மனப்பாடமாகிவிடும்.

வண்டி மூன்று வகை. ட்ரோட்ரோ என்னும் சிற்றுந்து மிக மலிவு; கனேஷி நிலையத்தில் ஆள் நிறைந்தபின்தான் புறப்படும். நடைவழியிலும் மடக்கு இருக்கை போட்டு ஆளை உட்கார வைப்பார்கள் என்பதால் முழங்காலை நீட்ட வழியே இராது, உங்கள் தந்தைக்கு இது வேண்டாம். அதே கனேஷியில் குளிர்சாதனம் உள்ள ஃபோர்டு வேன்களும் கிடைக்கும். சற்றுக் கூடுதல் கட்டணம், இருக்கை பரவாயில்லை. எஸ்.டி.சி. நிறுவனத்தின் பேருந்து, மேற்கே உள்ள தகோராடி நகருக்குப் போகும் வழியில் கேப் கோஸ்ட்டில் இறக்கிவிடும். முன்பதிவு உண்டு, காலை நீட்டி உட்காரலாம். நான் பேருந்தைத்தான் சொல்வேன். எதுவானாலும் இருட்டியபின் அந்த நெடுஞ்சாலையில் பயணம் செய்யாதீர்கள். விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள் அந்தச் சாலையின் பெரும் ஆபத்து.

நகருக்குள் டாக்சிகள் இரண்டு விதமாக ஓடும். குறிப்பிட்ட தடத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிச் செல்வது பங்கு டாக்சி. முழு வண்டியையும் உங்களுக்கென்று அமர்த்திக்கொண்டால் அதற்கு 'டிராப்பிங்' என்று பெயர். வெளிநாட்டவர் கைகாட்டினால் ஓட்டுநர் டிராப்பிங் என்றே எடுத்துக்கொள்வார். ஆகவே ஏறும் முன்னரே எது என்பதைச் சொல்லி, தொகையையும் பேசிவிடுங்கள். சில்லறை நோட்டுகளாக, கானாவின் நாணயமான 'செடி' கையில் இருக்கட்டும். 200 செடி நோட்டை நீட்டினால் பங்கு டாக்சிக்காரர் உங்களை நம்பிக்கையிழந்த பார்வை பார்ப்பார். சந்தையில் வயதான பெண்மணி யாரேனும் ஒரு பொருளுக்குப் பத்தாயிரம் என்றால் திடுக்கிட வேண்டாம். 2007-இல் பத்தாயிரம் பழைய செடியை 1 புதிய செடியாக மாற்றினார்கள். சிலருடைய நாக்கு மட்டும் இன்னும் மாறவில்லை.

தங்குமிடம் பார்க்கும்போது கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஜெனரேட்டர் உண்டா, பாலிடேங்க் உண்டா? மாடியில் நிற்கும் பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைத்தான் அங்கே பாலிடேங்க் என்பார்கள். மின்வெட்டுக்கு 'டும்சோர்' என்று பெயர். அணைவதும் எரிவதும் என்று பொருள். தரைத்தளத்து அறையாகக் கேளுங்கள், மின்தூக்கி உள்ள விடுதிகள் குறைவு.

இனிக் கோட்டை. 1653-இல் சுவீடன் வணிகர்கள் எழுப்பிய சிறு கோட்டை, கைகள் மாறி ஆங்கிலேயரிடம் வந்து, 1877-இல் தலைநகர் அக்ராவுக்கு மாறும் வரை கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா) ஆட்சியின் இருப்பிடமாக இருந்தது. காலை 9 மணிக்குத் திறந்தவுடன் போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் பள்ளிப் பேருந்துகள் வரும். வழிகாட்டியுடன்தான் நிலவறைகளுக்குள் விடுவார்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆண்களை அடைத்த நிலவறைக்கு இறங்கும் பாதை சரிவானது, கல் பாவியது, ஈரத்தில் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணியும் ஒரு சிறு கைவிளக்கும் இருந்தால் உங்கள் தந்தையால் இறங்கிவிட முடியும். தரை மேடுபள்ளமாக இருக்கும். அது முழுவதும் கல் அன்று. பல தலைமுறை மனிதர்களின் கழிவும் வியர்வையும் இறுகிப்போன படலம் அதில் இருப்பதை அகழ்ந்து பார்த்துக் கண்டிருக்கிறார்கள். அந்த அறைக்கு நேர் மேலே தேவாலயம் இருந்தது. வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டு விளக்கை அணைப்பார். பெரியவரை அந்நேரத்தில் சுவரோரமாக நிற்கச் செய்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வரலாற்று ஆசிரியர் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே மனிதர்களுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் துப்பாக்கியும் மதுவும் மட்டுமல்ல, இந்தியத் துணியும் பெருமளவில் உண்டு. சோழமண்டலக் கரையில் நம் நெசவாளர்கள் நெய்த துணி ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி இந்தக் கரையில் இறங்கியது. பணமாகப் புழங்கிய சோழிகள் மாலத்தீவிலிருந்து வந்தவை. கோட்டை அருங்காட்சியகத்தில் இவற்றையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றால் நேரம் போவதே தெரியாது. அவருக்கு அங்கே ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

எல்மினா 13 கிலோமீட்டர் மேற்கே. 1482-இல் போர்ச்சுக்கீசியர் கட்டத் தொடங்கி, 1637-இல் டச்சுக்காரர் பிடித்து, 1872-இல் ஆங்கிலேயருக்குக் கைமாறிய கோட்டை அங்கே இருக்கிறது. அசாந்தி அரசர் முதலாம் பிரெம்பேவை 1896-இல் சிறைப்பிடித்துக் கொண்டுவந்து இங்கேதான் வைத்திருந்தார்கள். இரண்டு கோட்டைகளையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். உடம்பால் முடியும், மனம் தாங்காது. இரண்டாவது கோட்டையில் வழிகாட்டி சொல்வது எதுவும் காதில் விழாமல் போய்விடும் என்பதை விருந்தினர்கள் பலரிடம் கண்டிருக்கிறேன். எல்மினாவுக்குச் செவ்வாய்க்கிழமை போக நேர்ந்தால் மீன்பிடித் துறைமுகத்தைப் பாருங்கள். செவ்வாயன்று கடலுக்குப் போவதில்லை என்பது ஃபான்டி மீனவர்களின் வழக்கம். வண்ணம் தீட்டிய படகுகள் எல்லாம் கொடிகளுடன் நெருக்கிக்கொண்டு நிற்கும். மணலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

ககும் காட்டில் மரஉச்சியில் கட்டிய தொங்குபாலம் பற்றி எல்லோரும் சொல்வார்கள். வடக்கே 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 1995-இல் கட்டியது, ஏழு பாலங்கள், மொத்தம் ஏறத்தாழ 350 மீட்டர் நீளம், சில இடங்களில் 40 மீட்டர் உயரம். ஒரு பலகை அகலத்தில் நடக்க வேண்டும். இருபுறமும் மார்பளவு வலை இருப்பதால் விழுந்துவிட மாட்டோம், ஆனால் அது ஆடும். உங்கள் தந்தைக்குத் தடை பாலம் அன்று. பாலம் தொடங்கும் இடம் வரை ஒழுங்கற்ற கற்படிகளில் ஏற வேண்டியிருப்பதுதான். அவரைக் கீழே வரவேற்பு மையத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்களும் உங்கள் மனைவியும் போய்வரலாம். அவருக்காக ஓர் இடம் வேண்டுமென்றால், குமாசி சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள அசின் மான்சோவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உள்நாட்டிலிருந்து நடத்திவரப்பட்ட கைதிகளைக் கரைக்குக் கொண்டுபோகுமுன் கடைசியாகக் குளிக்க வைத்த ஆறு அங்கே ஓடுகிறது. மூங்கில் நிழல், மெல்லிய ஓடை, கூட்டமே இராது. 1998-இல் அமெரிக்காவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் இரு அடிமைகளின் எச்சங்களைக் கொண்டுவந்து, கைதிகளைக் கப்பலேற்ற வெளியே கொண்டுபோன கோட்டையின் 'திரும்பா வாயில்' வழியாகவே உள்ளே எடுத்துவந்து, இங்கே அடக்கம் செய்தார்கள்.


கறிவேப்பிலை எழுதியது:

சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கணவருடைய வேலையால் இரண்டு ஆண்டுகள் அந்தக் கடற்கரையில் குடும்பம் நடத்தியவள் நான், நானும் சைவம்.

அங்கே 'மீட் இல்லாமல் கொடுங்கள்' என்று கேட்டால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால், மீன் துண்டை எடுத்துவிட்டு அதே குழம்பைக் கொடுப்பார்கள், அது அவர்களைப் பொறுத்தவரை முழு மனத்துடன் செய்யும் உதவி. கருவாட்டுத் தூள், இறால் பொடி, சாறுக்கட்டி இவை மூன்றும் இல்லாமல் அங்கே குழம்பே கொதிக்காது. ஷிடோ என்று கறுப்பாக, எண்ணெய் மினுமினுக்க ஒரு மிளகாய் விழுது வைப்பார்கள். பார்வைக்கு நம் புளிக்காய்ச்சல் போலவே இருக்கும். நானும் முதல் வாரம் அப்படி நினைத்துத்தான் ஒரு கரண்டி எடுத்துச் சோற்றில் பிசைந்தேன், வாய்க்குக் கொண்டுபோகும்போது கருவாட்டு வாடை மூக்கில் ஏறியது. உங்கள் தந்தையிடம் முதல்நாளே சொல்லிவையுங்கள்.

அவர் நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவை இவை. தெருவோரத்தில் கரியடுப்பில் சுட்ட வாழைக்காய், கூடவே ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலை. அதற்கு 'கோஃபி புரோக்மேன்' என்று செல்லப்பெயர், கையில் காசில்லாதவனின் சாப்பாடு என்ற பொருளில். கண்ணெதிரே சுடுவதால் கலப்பு எதுவும் இல்லை, வயிற்றையும் கெடுக்காது. இஞ்சியும் மிளகாயும் புரட்டிப் பொரித்த பழுத்த வாழை கெலெவெலே. அதைப் பொரிக்கும் எண்ணெயில் மீன் போட்டார்களா என்று மட்டும் கேளுங்கள். வேகவைத்த சேனைபோன்ற யாம் கிழங்கு. வாழையிலைச் சருகில் பொதிந்த ஃபான்டி கென்கே, புளித்த மக்காச்சோள மாவில் செய்தது; புளித்த மாவின் வாசம் பழகியவர்கள் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது, ஆனால் இட்லியின் மென்மையை எதிர்பார்க்க வேண்டாம். தட்டைப்பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்த வாச்சே காலையில் கிடைக்கும். சோற்றை மட்டும் வாங்கிக்கொண்டு, மேலே ஊற்றும் எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள். அன்னாசி, மாம்பழம், இளநீர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டு வேளை இதைச் சாப்பிட்டதும் மூன்றாவது வேளை அவர் ரசம் கேட்பார். ஆகவே ஒரு சிறிய மின்சாரக் குக்கரும் பருப்புப் பொடியும் எடுத்து வரச் சொல்லுங்கள். மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். நம் மூன்று உருளை முனைச் செருகி சில சுவர்களில் நேராகவே பொருந்தும். பெரும்பாலான இடங்களில் பட்டை முனைப் பிரிட்டிஷ் செருகிதான், அதற்கு மாற்றி ஒன்று தேவை. தண்ணீரை அரை லிட்டர் உறைகளில் 'பியூர் வாட்டர்' என்று விற்பார்கள். மூலையைப் பல்லால் கிழித்துக் குடிப்பது வழக்கம், பல்லுக்கு முன் அந்த உறையைத் துடைத்துவிடுங்கள். பெரியவருக்கு மூடி முத்திரையிட்ட புட்டித் தண்ணீரே நல்லது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர் உங்களைப் பார்த்து 'யூ ஆர் இன்வைட்டட்' என்பார். தட்டை நீட்டியே சொன்னாலும் அது நாம் சொல்லும் 'சாப்பிட வாங்க'தான். 'தேங்க் யூ' என்று சிரித்தால் போதும், எடுத்துச் சாப்பிட வேண்டாம். கடைக்காரர் 'அயாம் கமிங்' என்று சொல்லிவிட்டு எதிர்த்திசையில் நடந்து போவார். போய்விட்டாரே என்று கவலைப்படாதீர்கள். 'வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டே கிளம்பும் நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.


நெடுஞ்சாலை எழுதியது:

ஓகுவா வாசி ஐயா சொன்ன மற்றவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. பேருந்து விஷயத்தில் மட்டும் உண்டு. மூன்று பேர், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி, அசின் மான்சோவும் எல்மினாவும் ககுமும் வேறு வேறு திசைகளில் இருக்கின்றன என்னும்போது, அக்ராவிலிருந்தே ஓட்டுநருடன் ஒரு கார் அமர்த்திக்கொள்வதுதான் சரி. நான் என் தாயாருடன் சென்றபோது போகும் வழிக்குப் பேருந்தை நம்பினேன்; அது சரியான நேரத்தில் புறப்பட்டது, ஆனால் வழியில் கழிப்பறைக்கு ஒரே ஒரு நிறுத்தம்தான், அதுவும் இருநூறு அடி தள்ளி. திரும்பும்போது கார் எடுத்தோம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்ற ஒன்றுக்காகவே கூடுதல் பணம் தகும். தொகை பேசும்போது, பெட்ரோல் அதில் சேர்த்தியா, ஓட்டுநரின் இரவுத் தங்கலும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டாம் நாள் காலையில்தான் அந்தக் கேள்வியே எழுந்தது, அதற்குள் பேரம் பேசும் வாய்ப்புப் போய்விட்டது.

உடை பற்றி ஒரு வரி: படைவீரர் உடுப்பு போன்ற புள்ளி வண்ணத் துணியைப் பொதுமக்கள் அணிவது அங்கே சட்டப்படி தடை. தொப்பி, கால்சட்டை, பை எதுவும் அந்த வடிவத்தில் வேண்டாம். கடலில் இறங்கவும் வேண்டாம், நீரோட்டம் காலை வாரிவிடும்.


மணிமுத்தாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருந்துப்பெட்டி எழுதியதை நேற்று இரவே தந்தைக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். முட்டை பற்றிய கேள்விக்கு அவர் சொல்ல நினைத்த பதில் நீங்கள் எழுதியதேதான். வரும் வாரம் மருத்துவரைப் பார்க்கிறார். அவர் ஒப்புக்கொண்டால்தான் பயணச்சீட்டு எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். நாட்களையும் ஒரு வாரம் தள்ளி, செவ்வாய் எல்மினாவில் இருக்கும்படி திங்கள் முதல் வியாழன் வரை என்று மாற்றிக்கொண்டேன். கார்தான்.

இரண்டு சிறு ஐயங்கள். கோட்டை வாசலில் இளைஞர்கள் சூழ்ந்துகொண்டு பணம் கேட்பார்கள் என்று அலுவலக நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார், அது உண்மையா? தந்தை யார் எது கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்லும் குணம் உடையவர். மேலும், அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர்; அது அங்கே சிக்கலாகுமா?


ஓகுவா வாசி எழுதியது:

இடது கை பற்றி முதலில். பணம் கொடுப்பது, பொருள் வாங்குவது, கைகாட்டி அழைப்பது, வழி சுட்டுவது எல்லாம் வலக்கையால்தான் செய்ய வேண்டும். இடக்கையை நீட்டினால் முகம் சுருங்கிவிடும். பழக்கதோஷத்தில் நீட்டிவிட்டால் 'ஸாரி ஃபார் லெஃப்ட்' என்று அவர்களே சொல்லிக்கொள்வது போல அவரும் சொல்லிவிட்டால் சிரித்துவிடுவார்கள். நம் வீட்டிலும் பாட்டிமார் இதற்குத்தானே அதட்டினார்கள், ஆகவே அவருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிராது. எழுதுவதும் சாப்பிடுவதும் அவர் விருப்பம். வெளிநாட்டு முதியவரை யாரும் திருத்த வரமாட்டார்கள். மூத்தவர்களுக்கு அங்கே மரியாதை அதிகம், வரிசையில் நின்றால் முன்னால் அனுப்பிவிடுவார்கள். கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்காமல், முதலில் வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். அது ஒன்றுதான் அங்கே உண்மையிலேயே முக்கியம்.

இளைஞர்கள் விஷயம் உண்மை, ஆனால் பயப்படும்படியானது அன்று. காரிலிருந்து இறங்கியதும் ஒரு பையன் வந்து நட்பாகப் பெயர் கேட்பான், எழுத்துக்கூட்டச் சொல்வான். ஒன்றரை மணி நேரம் கழித்து நீங்கள் கண் கலங்கி வெளியே வரும்போது, உங்கள் பெயரும் 'என் நண்பருக்கு' என்ற சொற்களும் எழுதிய கடற்சிப்பி ஒன்றை நீட்டுவான். எழுதிவிட்டேனே, இனி வேறு யாருக்கு விற்பேன் என்பான். இன்னொருவன் பள்ளிக் கால்பந்து அணிக்கென்று நன்கொடைப் பட்டியல் வைத்திருப்பான். முன்னால் கையெழுத்திட்டவர்கள் எல்லாம் பெரிய தொகை கொடுத்ததாக அதில் இருக்கும். நான் அங்கே போய்ச் சேர்ந்த மாதத்தில் இப்படி மூன்று சிப்பிகள் வாங்கினேன். மூன்றிலும் என் பெயர் வேறு வேறு எழுத்துக்களில் இருந்தது, ஒன்றுகூடச் சரியில்லை.

இதற்கு நான் பின்னால் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. அந்த மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவார்கள்; வெள்ளியன்று பிறந்த ஆண் கோஃபி, சனியென்றால் குவாமே, ஞாயிறென்றால் குவேசி. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்தவர், படித்ததும் இதே ஊரில் உள்ள ம்ஃபான்ட்சிபிம் பள்ளியில்தான். பையன் பெயர் கேட்டதும் உங்கள் தந்தை தம் கிழமைப் பெயரைச் சொன்னால், அவன் ஒரு நொடி விழித்துவிட்டு, பின் வாய்விட்டுச் சிரித்து, சிப்பியை மறந்துவிட்டு, உங்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கத் தொடங்குவான். அவர் உட்கார்ந்து பேசட்டும், அதில் செலவு ஒன்றும் இல்லை. ஜாதகத்தைத் தேடி எடுத்துக் கிழமையைப் பார்த்து இங்கே எழுதுங்கள், ஃபான்டி மொழியில் அவர் பெயர் என்ன என்பதை நான் சொல்கிறேன்.


மணிமுத்தாறு எழுதியது:

திங்கட்கிழமை, ஐயா. ரோகிணி நட்சத்திரம் என்றும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்.


ஓகுவா வாசி எழுதியது:

அப்படியானால் அவர் கோஜோ. வீட்டில் கொஞ்சலாக ஜோஜோ என்பார்கள். ரோகிணிக்கு அவர்களிடம் பெயர் கிடையாது.